மெய்நிகர் உலகில் நிறுவல் கலையைப் பார்ப்பது எப்படி? போய் நின்றால் ஏன் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: பயனர்களே கட்டி எழுப்பும் இணைய மெய்நிகர் உலகான செகண்ட் லைஃபில், பலரும் புகழ்ந்த ஒரு நிறுவல் கலைக்கு (உள்ளே புகுந்து சுற்றிப் பார்க்கும்படி அமைத்த படைப்புக்கு) டெலிபோர்ட் ஆகி, அதாவது ஒரே தாவலில், போனீர்கள். சாம்பல் நிறக் கட்டைகளும் மங்கிய சுவர்களும்தான் தெரிந்தன. கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியேறிவிட்டீர்கள். "இதில் அப்படி என்ன இருக்கிறது? விஆர் ஹெட்செட் போட்டால்தான் புரியுமா?" தலையில் மாட்டிக் கண்ணுக்கு நேரே திரை காட்டும் அந்த ஹெட்செட்டைப் பொறுத்தவரை பதில் சின்னது: அங்கே அது தேவையில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. நீங்கள் பார்த்தது அந்தக் கலைஞர் செய்து வைத்த பொருளைத்தானா? நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால், இல்லை. பாதிகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் படைப்பு நல்லதா கெட்டதா என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்.

ஓவியக்கூடத்தில் ஓவியம் சுவரில் தொங்குகிறது. நீங்கள் மூக்குக்கண்ணாடி கொண்டுவர மறந்தாலும் ஓவியத்துக்கு ஒன்றும் குறைவில்லை. மெய்நிகர் உலகில் அப்படி அல்ல. சர்வர் உங்களுக்கு அனுப்புவது படம் இல்லை. எந்தப் பொருள் எங்கே, என்ன அளவு, மேலே எந்தத் தோற்றம், எங்கே விளக்கு, வானம் என்ன நிறம் என்ற விவரங்களைத்தான். அவற்றை வைத்துக் காட்சியைக் கட்டி எழுப்புவது உங்கள் மேசையில் இருக்கும் கணினி. ஆகவே ஒரே இடத்தில் நிற்கும் பத்துப் பேர் பத்து விதமான காட்சியைப் பார்க்கிறார்கள். கலைஞர் எண்ணிய காட்சிக்கு மிக அருகில் போக வேண்டுமானால், அவர் எதிர்பார்த்த வெளிச்சம், தூரம், ஒலி மூன்றையும் உங்கள் பக்கம் சரி செய்ய வேண்டும். இதற்குச் சோம்பல்படுகிறவர்கள்தான் "ஒன்றுமே இல்லை" என்று திரும்பி வருகிறார்கள்.

சாம்பல் நிறத்திலிருந்து தொடங்குவோம். அது கோளாறு இல்லை, காத்திருப்பு. பொருளின் வடிவம் முதலில் வந்து சேரும், அதன் மேல் போர்த்தும் படம் (டெக்ஸ்சர் என்பார்கள்) பிறகு வரும், அதுவும் முதலில் மங்கலாக வந்து படிப்படியாகத் தெளியும். திரையில் பெரிதாகத் தெரியும் பொருளின் படத்துக்குத்தான் வியூவர் (அந்த உலகைக் காட்டும், உங்கள் கணினியில் ஓடும் செயலி) முன்னுரிமை தரும். போய் இறங்கியதும் கேமராவைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் முன்னுரிமை நொடிக்கு நொடி மாறும், எதுவும் முழுதாக இறங்காது. இறங்கிய இடத்திலேயே இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள். ஒரு திசையைப் பாருங்கள், அது தெளிந்ததும் கால் வட்டம் திரும்புங்கள், மறுபடி நில்லுங்கள். வாசலில் வைத்திருக்கும் நோட்கார்டை (படைப்பைப் பற்றிய குறிப்பை) வாசிக்க அதுதான் நேரம். இன்னொன்றும் நடக்கும்: எதிரே வெட்டவெளியாகத் தெரியும், நடந்தால் எதிலோ முட்டுவீர்கள். மோதலைக் கணக்கிடுவது சர்வர். உங்கள் திரைக்கு இன்னும் வந்து சேராத சுவரும் சர்வரில் இருக்கிறது. எல்லாம் இறங்கி முடிந்த பிறகும் திறந்த வாசலில் முட்டினால் அது கட்டியவரின் பிழை. மெஷ் எனப்படும் முப்பரிமாண வலைப்பின்னல் பொருளின் கண்ணுக்குத் தெரியும் வடிவமும் மோதலுக்கான வடிவமும் வேறு வேறு. இரண்டாவதைச் சரியாக அமைக்காவிட்டால் வாசலை மூடிய பலகைபோல அது நின்றுவிடும்.

அடுத்தது தூரம். செகண்ட் லைஃபில் ஒரு ரீஜன் என்பது 256 மீட்டருக்கு 256 மீட்டர். டிரா டிஸ்டன்ஸ், அதாவது எவ்வளவு தூரம் வரை வரைய வேண்டும் என்ற அளவு, வழக்கமாக 128 மீட்டர் அளவில் இருக்கும். ஆக ரீஜனின் நடுவில் நின்றால்கூட மூலைகள் தெரியாது. மூலைக்கு மூலை பார்க்க ஏறக்குறைய 362 மீட்டர் வேண்டும். எல்லா இடத்திலும் அதை ஏற்றிவிடுவதும் தவறு. சுற்றிலும் வேறு ரீஜன்கள் ஒட்டியிருந்தால் அங்கே உள்ள கடை, வீடு, மரம் எல்லாவற்றையும் உங்கள் கணினி இழுத்துவரும். மூடிய அறைகளால் ஆன படைப்புக்கு 64 மீட்டர் போதும். திறந்தவெளிக்கு 256 வைத்துப் பாருங்கள். இடத்தின் முகவரியில் கடைசியாக வரும் எண் உயரம். அது 2000, 3000 என்று இருந்தால் படைப்பு வானத்தில் ஒரு மேடைமேல் இருக்கிறது என்று பொருள். 4096 மீட்டர் உயரம் வரை அங்கே கட்டலாம். அந்த உயரத்தில் பக்கத்தில் வேறெதுவும் இருப்பது அரிது என்பதால் தூரத்தைத் தாராளமாக ஏற்றலாம், சுமை பெரிதாகக் கூடாது.

இதெல்லாம் தெளிவைப் பற்றியது. ஒரு படைப்பையே கொன்றுவிடக்கூடியது வெளிச்சம். புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் "இருட்டாக இருக்கிறது" என்று எப்போதோ ஒருமுறை நடுப்பகல் வெளிச்சத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதை மறந்தே போயிருப்பார்கள். பிறகு எங்கே போனாலும் நடுப்பகல்தான். ஒரு மேசை விளக்கும் சன்னல் வழியே வரும் நீல நிறமும் மட்டுமே வைத்துச் செய்த அறையை நடுப்பகலில் பார்த்தால் என்ன தெரியும்? வெள்ளைச் சுவர், ஒரு மேசை. அவ்வளவுதான். வேர்ல்டு மெனுவில் என்விரான்மென்ட் என்பதைத் திறந்து, யூஸ் ஷேர்டு என்விரான்மென்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த இடத்துக்குக் கலைஞர் அமைத்த வானம் உடனே வந்துவிடும். 2020-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு சூரியன், நிலா, மேகம் மூன்றின் படத்தையும் கலைஞரே மாற்றலாம். ஒரே ரீஜனில் தரைக்கு ஒரு வானம், மேலே வெவ்வேறு உயரங்களுக்கு வேறு வானங்கள் என்றும் வைக்கலாம். ஒரு மேடையிலிருந்து அடுத்த மேடைக்குப் போகும்போது காலை சட்டென்று இரவாக மாறினால் பதறி அமைப்பைத் தொடாதீர்கள். அதுவும் படைப்பின் பகுதிதான். நான் ஒரே ஒரு அமைப்பைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

வெளிச்சத்திலேயே இன்னும் இரண்டு. பழைய வியூவர்களில் அட்வான்ஸ்டு லைட்டிங் என்ற தேர்வு இருக்கும். அது அணைந்திருந்தால் அருகிலுள்ள ஆறு விளக்குகள் மட்டுமே எரியும், ஏழாவது விளக்கை நெருங்கும்போது முதல் விளக்கு அணையும். நடக்க நடக்க விளக்குகள் மாறி மாறி அணைந்து எரிந்தால் காரணம் இதுதான், கலைஞரின் உத்தி அல்ல. புதிய வியூவர்களில் அந்தத் தேர்வே கிடையாது, எப்போதும் இயங்கும். நிழல் மட்டும் தனியாக இருக்கும். சூரியன், நிலாவுக்கு மட்டும் என்று வைக்கலாம், புரொஜெக்டர் விளக்குகளுக்கும் சேர்த்து வைக்கலாம். புரொஜெக்டர் என்பது படத்தைச் சுவரில் வீசும் விளக்கு. நிறுவல் கலைஞர்கள் அதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். நிழல் போட்டால் கணினியின் வேகம் பாதியாகக்கூடக் குறையும். அதனால் நடக்கும்போது நிழலை அணைத்துவிட்டு, ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது மட்டும் போடுங்கள். இரண்டையும் தனித்தனி கிராஃபிக்ஸ் பிரீசெட்டாகச் சேமித்து வைத்தால் மாற்றுவது எளிது. மற்றது உங்கள் உடம்பில் இருப்பது: அவதாரின், அதாவது அங்கே உங்களுக்காக நடமாடும் உருவத்தின், முகத்தைப் பளிச்சென்று காட்ட மாட்டிக்கொள்ளும் முகவிளக்கு. அதைப் போட்டுக்கொண்டு இருட்டறைக்குள் போவது, திரையரங்கில் டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்வதற்குச் சமம். பக்கத்தில் இருப்பவருக்கும் அது அடிக்கும்.

உடம்பைப் பற்றிப் பேசும்போதே ஏஓ-வையும் (அனிமேஷன் ஓவர்ரைடர்) சொல்லிவிடுகிறேன். நடை, நிற்கும் நிலையை அழகாக்கும் அந்தக் கருவியை நிறுவல் கலைக்குள் போகும்முன் அணையுங்கள். கலைஞர் ஒரு நாற்காலியில் உங்களை உட்காரவைத்து ஏதோ ஒரு அசைவைத் தருவார். ஏஓ அதன் மேல் தன் அசைவைப் போட்டு, நீங்கள் நாற்காலிக்கு மேலே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருப்பீர்கள். பார்ட்டிகிள் அளவையும் பாருங்கள். மழை, தூசி, புகை, மின்மினி எல்லாம் பார்ட்டிகிள். வியூவர் ஒரு நேரத்தில் இத்தனைதான் வரைய வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு, 4096 என்று வைத்தால் பெரும்பாலும் போதும். வரம்பு குறைவாக இருந்தால் அடைமழை தூறலாகத் தெரியும். தூரத்துச் சிற்பங்கள் உடைந்த முக்கோணங்களாகத் தெரிந்தால், பொருளின் விவர அளவை (எல்ஓடி) 2-லிருந்து 4 வரை ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றச் சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம், சுமைதான் கூடும்.

ஒலி பலரும் தவறவிடும் பாதி. அங்கே ஒலி ஒரே குழாயில் வருவதில்லை. நிலத்துக்கு என்று ஓடும் இசை ஒன்று, பொருட்களிலிருந்து வரும் சத்தம் வேறு, சுவரில் ஓடும் வீடியோ வேறு; மூன்றுக்கும் தனித்தனி ஒலியளவு. இசையை மட்டும் போட்டுவிட்டு மற்றதை அணைத்திருந்தால், ஒரு சிற்பத்தை நெருங்கும்போது கேட்க வேண்டிய மூச்சுச் சத்தம் உங்களுக்குக் கேட்காது. சத்தத்தை எங்கிருந்து கேட்பது என்பதையும் தேர்ந்தெடுக்கலாம்: கேமரா இருக்கும் இடத்திலிருந்தா, அவதார் நிற்கும் இடத்திலிருந்தா? நடந்து பார்க்கும் படைப்புக்கு அவதாரை வையுங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் போடுங்கள், இடம் வலம் தெரிந்தால்தான் சில படைப்புகளில் வழியே தெரியும். வீடியோ ஓடும் சுவர் ஒரு வலைப்பக்கம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். அது இயங்கினால் உங்கள் இணைய முகவரி எண் அந்த வெளித்தளத்துக்குப் போகும். தெரியாத தளமென்றால் தானாக இயங்க விடாதீர்கள், விரும்பியதை மட்டும் அழுத்திப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் திக்கித் திக்கி நகர்ந்தால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புள்ளிவிவரப் பலகை திறக்கும். அதில் சர்வரின் வேகத்தைக் காட்டும் இரண்டு எண்களில் டைம் டைலேஷன் 1-க்கு அருகிலும், சிம் எஃப்பிஎஸ் 45-க்கு அருகிலும் இருந்தால் சர்வர் நலமாக இருக்கிறது; திக்கல் உங்கள் கணினியில். அந்த இரண்டும் சரிந்திருந்தால் நீங்கள் எதைக் குறைத்தாலும் பயனில்லை, கூட்டம் கலைந்த பிறகு வாருங்கள். பாக்கெட் லாஸ் (வழியில் தொலைந்துபோகும் தரவு) தொடர்ந்து ஏறியிருந்தால் இணைய இணைப்பைப் பாருங்கள், பெரும்பாலும் வைஃபைதான் காரணம். நான்காவது ஒரு நோயும் உண்டு: சுவர்ப் படங்கள் தெளிந்து, மங்கி, மறுபடி தெளிந்து, மறுபடி மங்கிக்கொண்டே இருக்கும். கிராஃபிக்ஸ் அட்டையின் நினைவகம் நிரம்பிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. 1024-க்கு 1024 அளவுள்ள ஒரே ஒரு படம் நினைவகத்தில் சுமார் 4 மெகாபைட் பிடிக்கும். அப்படி ஐந்நூறு படங்கள் இருந்தால் 2 ஜிகாபைட் போய்விட்டது. அப்போது டிரா டிஸ்டன்ஸைக் குறையுங்கள். சுற்றி நிற்கும் அவதார்களின் சிக்கல் வரம்பையும் (ஓர் அவதாரை வரைய எவ்வளவு சுமை ஏற்கலாம் என்ற அளவையும்) குறையுங்கள். வரம்பைத் தாண்டியவர்கள் ஒரே நிறப் பொம்மைகளாகத் தெரிவார்கள். அவர்கள் வருத்தப்பட மாட்டார்கள், அது உங்கள் திரையில் மட்டும்தான்.

திறப்பு விழா நாளில் போவதைவிட இரண்டு நாள் கழித்துப் போவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. செகண்ட் லைஃபில் ஒரு ரீஜனுக்கு ஒரே பிரதிதான். எல்லோரும் அந்த ஒன்றுக்குள்தான் நிற்க வேண்டும். சிறிய வகை ரீஜன் என்றால் 20 பேரோடு வாசல் மூடிக்கொள்ளும். கலைஞரைச் சந்திக்க வேண்டுமானால் விழாவுக்குப் போங்கள். படைப்பைச் சந்திக்க வேண்டுமானால் தனியாகப் போங்கள்.

இனி எப்படி நகர்வது என்பதற்கு வருவோம். சாதாரண கேமரா உங்கள் அவதாரின் தலைக்குப் பின்னால், கொஞ்சம் மேலே இருக்கும். அது விளையாட்டுக்கு வசதியானது, கலைக்கு அல்ல. நீங்கள் எப்போதும் உங்கள் முதுகைத்தான் பார்க்கிறீர்கள். 'எம்' விசையை அழுத்தினால் மௌஸ்லுக் என்ற நேரடிக் கண்பார்வைக்கு மாறும், எஸ்கேப் அழுத்தினால் திரும்பிவிடும். முதல் சுற்றை மௌஸ்லுக்கில், நடந்தே செய்யுங்கள். அவதார் நடப்பது நொடிக்கு மூன்று மீட்டருக்குச் சற்று மேல். ஒரு ரீஜனின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. இடம் இவ்வளவு சிறியது என்பதால்தான் கலைஞர்கள் வளைந்த பாதை, குறுகிய படிக்கட்டு, இருட்டுத் தாழ்வாரம் என்று நேரத்தை நீட்டுகிறார்கள். பறந்துபோய் எட்டிப் பார்த்தால் அந்த நீட்டல் முழுவதும் வீணாகும். பல இடங்களில் பறப்பதைத் தடுத்தே வைத்திருப்பார்கள்.

இரண்டாம் சுற்றில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு மௌஸை இழுத்தால் கேமரா அவதாரை விட்டுக் கிளம்பி, பிடித்த பொருளை நெருங்கும். கண்ட்ரோலையும் சேர்த்தால் அதை மேலும் கீழும் சுற்றிவரும். சுவரில் தட்டையான ஓவியமோ ஒளிப்படமோ தொங்கும் கூடம் என்றால் இதுதான் சரியான முறை, நடப்பதே வீண். முப்பரிமாண நிறுவலில் இதை அளவோடு செய்யுங்கள். ஏஎம் ரேடியோ என்ற பெயரில் இயங்கிய கலைஞரின் பெயர் பெற்ற கோதுமை வயலை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட வயலில் தனித்தனிக் கதிர்கள் கிடையாது, பாதி ஒளி ஊடுருவும் படத்தகடுகள் வரிசையாக நிற்கும். நிற்கும் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் வரை வயல். கேமராவை மேலே தூக்கினால் அட்டை வரிசை. தொலைவில் தெரியும் மலையும் பெரும்பாலும் வளைந்த ஒரு திரையில் ஒட்டிய படமாகத்தான் இருக்கும். ரகசியம் தெரிந்துகொள்வதில் தப்பில்லை, கட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். முதலில் வயலாகப் பார்த்துவிட்டுப் பிறகு அட்டையாகப் பாருங்கள் என்பதுதான் வரிசை.

தொடுவதும் பார்ப்பதுதான். மௌஸின் அம்புக்குறி கையாக மாறினால் அந்தப் பொருள் அழுத்தக் காத்திருக்கிறது. உட்காரும்படி இருப்பவற்றில் உட்காருங்கள். சில படைப்புகளில் உட்கார்ந்தால்தான் கேமரா கலைஞர் விரும்பிய கோணத்துக்குப் போகும். கண்ட்ரோல், ஆல்ட், 'டி' (T) சேர்த்து அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத பொருட்கள் சிவப்பாகத் தெரியும். எங்கேயோ மாட்டிக்கொண்டால், அல்லது எல்லாம் பார்த்து முடித்தபின், அதைப் பயன்படுத்துங்கள். பிரின் ஓ என்ற கலைஞரின் இம்மெர்சிவா போன்ற இடங்களில் கதை துண்டுதுண்டாக ஒளிந்திருக்கும். எந்த வழியில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து எது முதலில் கிடைக்கும் என்பது மாறும். முதலிலேயே சிவப்பு வெளிச்சம் போட்டுத் தேடினால் துப்பறியும் கதையின் கடைசிப் பக்கத்தைத் திறந்த மாதிரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. படைப்புகள் அனுமதி கேட்கும்: உங்களை அசைக்க, ஏதாவது பொருளை மாட்டிவிட, கேமராவைக் கையாள, வேறிடத்துக்குக் கொண்டுபோக. எக்ஸ்பீரியன்ஸ் என்ற பெயரில் ஒரே முறை கேட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் முறையும் உண்டு. அதை ஏற்கலாம், வேண்டாம் என்றால் பிறகு ரத்தும் செய்யலாம். அதன் வழியாக உங்கள் பணத்தை எடுக்க முடியாது. தனியாக "உங்கள் கணக்கிலிருந்து லிண்டன் டாலர் எடுக்க அனுமதி" என்று ஒன்று வந்தால் (லிண்டன் டாலர் அங்கே புழங்கும் பணம்), அது எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். பார்க்க வந்தவரிடம் அதைக் கேட்க ஒரு கலைக்கூடத்துக்கு எந்தத் தேவையும் இல்லை. நன்கொடை தர விரும்பினால் பெட்டியை நீங்களே அழுத்தித் தரலாம்.

ஹெட்செட்டுக்கு வருகிறேன். செகண்ட் லைஃபின் அதிகாரபூர்வ வியூவர் ஹெட்செட்டில் ஓடாது. ஒருமுறை முயன்று, 2016-இல் கைவிட்டார்கள். ஹெட்செட்டில் தலையைத் திருப்பும்போது காட்சி சீராக, நொடிக்கு 90 முறை அளவில் மாற வேண்டும். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கட்டக்கூடிய உலகில் அந்தச் சீரை உறுதி செய்ய முடிவதில்லை. ஆக அங்கே இருக்கும் படைப்புகள் தட்டைத் திரைக்காகவே செய்யப்பட்டவை, நீங்கள் எதையும் இழக்கவில்லை. ஹெட்செட்டுக்கென்று செய்யப்பட்டவற்றைப் பார்க்க விஆர்சாட் என்ற இன்னொரு மெய்நிகர் தளத்தின் பக்கம் போகலாம். அதைக்கூட ஹெட்செட் இல்லாமல் கணினியில் திறக்கலாம், ஆனால் அளவு என்ற உணர்ச்சி கிடைக்காது. தலைக்கு மேல் தொங்கும் ஒரு பாறை திரையில் வெறும் பாறை, ஹெட்செட்டில் கழுத்து கூசும். அங்கே ஒரு பெரிய வசதி, ஒவ்வொரு உலகத்துக்கும் எத்தனை பிரதி வேண்டுமானாலும் திறக்கலாம். நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் வரக்கூடிய இன்வைட் வகைப் பிரதியைத் திறந்தால் நீங்கள் மட்டும்தான். கணினியோடு இணையாத தனி ஹெட்செட்டில் பார்ப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள்: அதற்கான உலகங்களுக்கு 100 மெகாபைட் என்ற வரம்பு இருக்கிறது. கணினிக்கும் ஹெட்செட்டுக்கும் ஒரே பெயரில் இரண்டு வடிவம் இருந்தால், ஹெட்செட்டில் கிடைப்பது பெரும்பாலும் இளைத்த வடிவம். கணினிக்கு மட்டும் என்று குறித்த உலகம் அதில் திறக்கவே திறக்காது.

முதல்முறை என்றால் 15, 20 நிமிடத்தில் கழற்றிவிடுங்கள். குமட்டல் வருவதற்குக் காரணம், கண் நகர்கிறது என்கிறது, உள்காது இல்லை என்கிறது. நகர்வதை டெலிபோர்ட் முறைக்கும், திரும்புவதைப் படிப்படியாகத் திரும்பும் முறைக்கும் மாற்றினால் குறையும். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தைக் கருவியில் சரி செய்யாவிட்டால் தலைவலி வரும். ஒளி வெட்டி வெட்டி அடிக்கும் படைப்புகள் இரண்டு உலகிலும் உண்டு. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சி, ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. வாசல் குறிப்பில் அப்படி எச்சரிக்கை இருந்தால் அதை அலங்காரம் என்று நினைக்காதீர்கள்.

ஹெட்செட்டில்தான் ஆழம் அதிகமா என்றால், இங்கே உறுதியான பதில் கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும். கருவி மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை என்பது மட்டும் நிச்சயம். சார் டேவிஸ் என்ற கலைஞர் 1995-இல் செய்த ஆஸ்மோஸ் படைப்பில் ஹெட்செட்டோடு மார்பில் ஒரு பட்டியும் உண்டு. மூச்சை இழுத்தால் மேலே மிதப்பீர்கள், விட்டால் இறங்குவீர்கள். இன்றைய கணக்கில் அதன் படத்தெளிவு ஒன்றுமில்லை. ஆனால் உடம்பை எப்படி உள்ளே இழுப்பது என்று அது யோசித்தது. எதிர்முனையில் ஈவா, ஃபிராங்கோ மத்தேஸ் என்ற கலைஞர்கள் இருவரும் 2007 முதல், உடம்பை வருத்திச் செய்யப்பட்ட பழைய நிகழ்த்துகலைகளைச் செகண்ட் லைஃப் அவதார்களை வைத்து மறுபடி நடத்தினார்கள். நிகழ்த்துகலைஞர் கிறிஸ் பர்டன் தன் கையில் துப்பாக்கியால் சுடச்செய்ததும் அதில் ஒன்று. அவதாருக்கு வலிக்காது; அந்த வலியின்மைதான் அங்கே விஷயம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்கள் போன இடத்தில் என்ன தேட வேண்டும் என்பது பிடிபடும். இந்த உடம்பில்லா உடம்பை வைத்து இவர் என்ன செய்கிறார்? சுவரில் படம் மாட்டிய கூடத்தைக் கட்டியிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யவில்லை. அதை நிறுவல் கலை என்று விளம்பரம் செய்தாலும் அது ஒரு கூடம்தான். நல்ல படங்கள் இருந்தால் பார்த்துவிட்டு வரலாம்.

எங்கே தேடுவது? செகண்ட் லைஃபின் டெஸ்டினேஷன் கைடில் கலைக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம். பிடித்த கலைஞரின் குழுவில் சேர்ந்துவிட்டால் அடுத்த படைப்பின் அறிவிப்பு தானாக வரும். தள்ளிப்போடாமல் போவது முக்கியம், இந்த நிலங்களுக்கு மாதந்தோறும் கட்டணம் உண்டு. கலைஞர் சாவ் ஃபே அங்கே கட்டிய ஆர்எம்பி சிட்டி என்ற நகரப் படைப்பு 2009-இல் பொதுமக்களுக்குத் திறந்து 2011-இல் முடிந்தது. கலைஞர்களுக்கு இலவசமாக நிலம் தந்த லிண்டன் எண்டோமென்ட் ஃபார் த ஆர்ட்ஸ் 2019-இல் நின்றது. வேறு தளங்களில் உலகமே மூடியிருக்கிறது, ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023-இல் போனது. ஆகவே பார்க்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: கண்ட்ரோல், ஷிஃப்ட், 'எஸ்' அழுத்தி, பட்டன்கள் தெரியாதபடி தேர்வை நீக்கி, கணினியிலேயே பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். நில உரிமையாளர் தடை எழுதி வைக்காத இடத்தில் படம் எடுக்கலாம். வீடியோ அப்படி அல்ல. நிலத்தின் விதிகளில் அனுமதி எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும்.

நீங்கள் போன இடத்தின் லேண்ட்மார்க்கை (இடத்தின் முகவரியைக் குறித்து வைக்கும் அட்டையை) சேமித்திருந்தால் இன்றே மறுபடி அழுத்திப் பாருங்கள். ரீஜன் இல்லாமல் போயிருந்தால் டெலிபோர்ட் நடக்காது. ரீஜன் இருந்து படைப்பு மட்டும் எடுக்கப்பட்டிருந்தால் அதே இடத்தில் வேறு ஏதோ ஒன்றின் நடுவில் இறங்குவீர்கள். லேண்ட்மார்க் இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும், அங்கே இருந்ததை அல்ல. எல்லாம் அப்படியே இருந்தால் ஷேர்டு என்விரான்மென்ட், ஏஓ, முகவிளக்கு மூன்றையும் சரிபார்த்துவிட்டு வாசலிலேயே மூன்று நிமிடம் நில்லுங்கள். பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் இங்கே வந்து எழுதுங்கள். அப்போது பேசப்போவது படைப்பைப் பற்றியாக இருக்கும்.